உறைய வைக்கும் கலமும் சூடேற்றும் கலமும்

(மகாவீர் ஜெயந்தி விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊராகக் கொங்கு நாட்டார் போற்றி வருகின்றனர். அச்சமண முனிவர் அருளிய நன்னூலின் பாயிரப் பகுதியில் மாணாக்கரின் வகை கூறப்பெறுகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமை. கடைமாணாக்கருக்குக் கூறப்பெற்ற உவமைகளுள் ஒன்று இல்லிக்குடம். இல்லி என்பது துளை. ஊற்றிய நீரை ஒழுகவிடும் ஓட்டைக் குடம் போன்றவன், கற்றதைக் காத்துக்கொள்ளாத மாணாக்கன். தன்னிடம் இட்டதைக் காப்பதே கலத்தின் கடமை என்னும் எண்ணம் அவ்வுவமைக்கு அடிப்படை.

கலம் தவறக்கூடிய வழி இன்னொன்றும் உண்டு. உள்ளதை ஒழுகவிடாமல், தன்னிடம் இருப்பதை உணவுக்குள் கலந்துவிடும் கலமும் உண்டு. இது புதிய செய்தியன்று. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்பதைக் கொங்கு நாட்டுப் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர். ஆகவே பாத்திரத்தின் உட்புறத்திற்கு வெள்ளீயம் பூசினர். ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்து துருத்தி வைத்து வேலை செய்த காட்சியை மூத்தோர் பலர் கண்டிருப்பர். புளிக்குழம்பு மண்சட்டியில் கொதித்தது. ஊறுகாய் பீங்கான் ஜாடியில் உறைந்தது. கம்மங்கூழ் மண்பானையில் குளிர்ந்தது. வயலுக்குச் செல்லும் சோறு தூக்குப்போசியில் சென்றது. எந்தப் பண்டம் எந்தக் கலத்திற்கு ஆகும், எதற்கு ஆகாது என்னும் கட்டுப்பாடு எழுதப்படாத சட்டமாக ஒவ்வோர் அடுக்களையிலும் விளங்கியது.

பிளாஸ்டிக் கலம் அடுக்களைக்குள் நுழைந்தபோது அதனுடன் அத்தகைய கட்டுப்பாடு எதுவும் கூடவே நுழையவில்லை. உடையாது, துருப்பிடிக்காது, எடையில்லை, விலையும் மலிவு. இத்தனை நலன்களைக் கண்டவர்கள், அக்கலத்திற்கும் ஒரு எல்லை இருக்கும் என்று எண்ணிப்பார்க்க மறந்தனர். அந்த எல்லை எது என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இன்றைய கோவையின் இல்லங்களை நோக்கினால் இதன் தேவை விளங்கும். கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் குடும்பங்கள் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் பெருகியுள்ளன. ஞாயிற்றுக்கிழமை வெட் கிரைண்டரில் ஆட்டிய மாவு வாரம் முழுவதும் குளிர்பெட்டியில் இருக்கிறது. வேகவைத்த கொண்டைக்கடலை, துருவிய தேங்காய், அரைத்த தக்காளி, பிசைந்த சப்பாத்தி மாவு எனப் பலவும் உறைபெட்டியில் அடுக்கப்படுகின்றன. மற்றொரு வகை இல்லமும் உண்டு. பிள்ளைகள் அயல்நாட்டில் வாழ, முதிய பெற்றோர் இருவர் மட்டும் அடுக்குமாடி வீட்டில் இருப்பர். ஆண்டுக்கொரு முறை வரும் மகள், திரும்பிச் செல்லுமுன் நான்கு நாள் அடுப்படியில் நின்று, பருப்பும் கூட்டும் குழம்புமாகச் சமைத்து, சிறுசிறு பிளாஸ்டிக் டப்பாக்களில் இட்டு, ஒவ்வொன்றிலும் பெயரெழுதி உறைபெட்டியை நிரப்பிச் செல்வாள். அன்னை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைச் சற்றுத் தளர்த்தி, அதே டப்பாவுடன் மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பாள். மகளின் அன்பில் குறையில்லை. ஆயின் அந்த அன்பு எந்தக் கலத்தின் வழியாகப் பெற்றோரின் வயிற்றை அடைகிறது என்பது எண்ணத்தக்கது.

இன்னொரு பழக்கமும் பரவியுள்ளது. உணவகத்திலிருந்து பார்சல் வரும் மெல்லிய கறுப்பு அல்லது வெள்ளை டப்பாக்களை எறிய மனமின்றிக் கழுவி எடுத்து வைப்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். சிக்கனம் நற்பண்பே. எனினும், ஒருமுறைப் பயனுக்கென்று மெல்லியதாக வார்க்கப்பட்ட அக்கலங்கள் மாதக்கணக்கில் உறைபெட்டிக்கும் மைக்ரோவேவ் அடுப்பிற்கும் இடையே நடமாடுகின்றன. கீறலும் வெளிறலும் கண்ட பின்னரும் அவை ஓய்வு பெறுவதில்லை.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உணவைப் பொதியும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் தட்டு, தேநீர்க் குவளை, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், கைப்பை முதலியன அத்தடைக்குள் அடங்கும். 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. ஏனம் கொண்டுவந்து உணவு வாங்குவோருக்கு விலையில் சலுகை அளிக்க முன்வந்த உணவகங்களும் உண்டு. இவையெல்லாம் தெருவிற்கும் கடைக்கும் உரிய ஒழுங்குகள். வீட்டுக்குள் அலமாரியில் இருக்கும் மூடியிட்ட டப்பாவைச் சட்டம் தொடுவதில்லை, தொடவும் இயலாது. அங்கே இல்லத்தாரின் அறிவே சட்டம்.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பொதுப்பெயர். அக்குடும்பத்தினரை வேறுபடுத்தி அறிய, கலத்தின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் பொறிக்கப்பெறும். அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலோர் சங்கம் 1988இல் கொண்டுவந்த அம்முறை இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. மறுசுழற்சிக்காகப் பிரித்தெடுப்பதற்கே அது அமைந்தது; உணவுக்கு உகந்ததா என்பதைக் கூறுவதற்கு அன்று. இருப்பினும், எண்ணை அறிந்தவர் பொருளை அறிவர்.

1 என்பது தண்ணீர்ப் புட்டிகளுக்குரிய பெட். ஏறத்தாழ 70 முதல் 80 பாகை செல்சியசு வெப்பத்திலேயே அது இளகி உருக்குலையும். 2 என்பது அடர்த்திமிக்க பாலிஎத்திலீன். குளிரைத் தாங்கும் உறுதி அதற்கு உண்டு. 3 என்பது பிவிசி. 4 என்பது மெல்லிய பைகளுக்கான பாலிஎத்திலீன். 5 என்பது பாலிபுரோப்பிலீன். மைக்ரோவேவ் அடுப்பிற்கு உரியவை என விற்கப்படும் டப்பாக்களில் பெரும்பாலானவை இதனால் ஆனவை. ஏறத்தாழ 160 பாகையில்தான் இது உருகும். 6 என்பது பாலிஸ்டைரீன். தெர்மோகோல் தட்டுகள் இவ்வினம். 100 பாகையை ஒட்டிய வெப்பத்தில் இது நெகிழ்ந்துவிடும். 7 என்பது பிற எல்லாவற்றையும் சேர்த்த தொகுப்பு. பாலிகார்பனேட் அதில் அடங்கும்.

வெப்பத்தைத் தாங்குவதில் சிறந்த பாலிபுரோப்பிலீன் குளிரில் அத்துணைச் சிறந்ததன்று. நீர் உறையும் நிலைக்குக் கீழே செல்லச்செல்ல அது விறைத்து நொறுங்கும் தன்மையை அடையும். உறைபெட்டியிலிருந்து எடுத்த டப்பாவின் மூடி ஓரம் சட்டென வெடிப்பதன் காரணம் இதுவே. குளிருக்கு ஏற்ற பொருள் ஒன்று. சூட்டுக்கு ஏற்ற பொருள் வேறொன்று. ஒரே டப்பா இரண்டிற்கும் முழுமையாக உகந்ததாக இருப்பது அரிது.

இனிக் குளிரின் பக்கத்தை நோக்குவோம். உறைபெட்டியின் உரிய வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 18 பாகை. அந்நிலையில் நுண்ணுயிர்கள் வளர்வதில்லை. ஆனால் இறந்துவிடுவதும் இல்லை. உறைபெட்டி கெட்ட உணவை நல்லுணவாக்காது. உள்ளே வைத்தபோது இருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கும். ஆகவே உணவு எந்த நிலையில் உள்ளே செல்கிறது என்பதே முதன்மையானது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்குள் குளிரூட்ட வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலில் அக்காலம் ஒரு மணி நேரமாகச் சுருங்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையே நுண்ணுயிர்கள் பெருகும் களம். சோற்றில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கொதித்த பின்னும் சாவதில்லை. ஆறிய சோறு வெளியில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடேற்றினாலும் முழுவதும் அழியாது.

ஆவி பறக்கும் குழம்பை அப்படியே பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி மூடுவது இரட்டைப் பிழை. சூட்டினால் பிளாஸ்டிக் தாக்குறும். மூடிய ஆழமான டப்பாவின் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்து உணவும் கெடும். அகன்ற எவர்சில்வர் தட்டிலோ பேசினிலோ பரப்பி, தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தின் மேல் வைத்து விரைவாக ஆற்றிய பின்னரே கலத்தில் இட வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருமன் கூடும். ஆதலால் கலத்தின் வாய் வரை நிரப்பாமல் ஓரளவு இடம் விட வேண்டும். ஒருவேளை உணவுக்குரிய அளவாகப் பிரித்து வைப்பின் மிஞ்சியதை மறுபடி உறைய வைக்கும் நிலை நேராது. கலத்தின் மேல் நாளைக் குறித்து வைத்தலும் நன்று.

2012ஆம் ஆண்டை ஒட்டிக் கோவை பட்ட மின்வெட்டை எவரும் மறந்திருக்க இயலாது. நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத அக்காலத்தில் உறைபெட்டி என்பது வெறும் பெட்டியாகவே நின்றது. மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதிருப்பதே முதல் காப்பு. திறவாத நிலையில், நிறைந்த உறைபெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். முற்றும் இளகி வெதுவெதுப்பான உணவை மறுபடி உறையச் செய்து உண்ணுதல் ஆகாது.

அடுத்தது சூட்டின் பக்கம். மைக்ரோவேவ் அடுப்பு பிறந்த கதை சுவையானது. 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் கருவிக்குரிய மேக்னட்ரான் அருகே நின்றிருந்த பெர்சி ஸ்பென்சர் என்னும் பொறியாளர், தம் சட்டைப்பையில் இருந்த இனிப்புக் கட்டி உருகியிருப்பதைக் கண்டார். அந்த உருகலே இன்றைய அடுப்பாயிற்று. வினாடிக்கு 245 கோடி முறை அதிரும் நுண்ணலைகள் உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளை அசைத்து வெப்பத்தை எழுப்புகின்றன. உணவில் கதிரியக்கம் தங்கிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வாறு எதுவும் தங்குவதில்லை. அடுப்பு நின்றதும் அலைகளும் நின்றுவிடும். அடுப்பை அஞ்ச வேண்டுவதில்லை. அதனுள் எந்தக் கலம் செல்கிறது என்பதில்தான் கருத்து வேண்டும்.

நுண்ணலைகள் பிளாஸ்டிக்கின் ஊடே பெரும்பாலும் அதைச் சூடாக்காமலே கடந்து செல்லும். ஆனால் சூடான உணவு தன்னைத் தாங்கிய பிளாஸ்டிக்கைச் சூடாக்கும். அச்சூடும் ஒரே சீராக இராது. சில இடங்கள் கொதிக்கும். சில இடங்கள் குளிர்ந்தே கிடக்கும். நீரின் வெப்பம் 100 பாகையோடு நின்றுவிடும். நெய்க்கும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அந்த எல்லை இல்லை. தாளித்த குழம்பின் எண்ணெய், ஒப்புட்டின் நெய், கேசரியின் சர்க்கரை ஆகியவை கலத்தின் சுவரை நீரினும் மிகுதியாகச் சுடும். எண்ணெய் மிதக்கும் கோட்டை ஒட்டி டப்பாவின் உட்புறம் சொரசொரப்பாகிக் கொப்புளம் கண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர்.

பிளாஸ்டிக்கும் உணவும் ஒன்றோடொன்று கொள்வினை கொடுப்பினை செய்வதற்குச் சான்று தேடி எங்கும் செல்ல வேண்டுவதில்லை. சாம்பார் வைத்த டப்பா மஞ்சளாகிவிடும். எத்துணை முறை தேய்த்தாலும் அந்நிறம் போகாது. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்கின் உள்ளேயே சென்று தங்கிவிட்டது. 'பெருங்காய டப்பா' என்னும் வழக்கு, பொருள் போன பின்னும் மணம் போகாத கலத்தைக் குறிப்பது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு அவ்வழக்கு மிகப் பொருந்தும். எவர்சில்வரில் மணமும் நிறமும் மேற்பரப்போடு நின்றுவிடும், கழுவினால் போய்விடும். நிறமும் மணமும் உள்ளே புகுந்து தங்க இடந்தரும் பொருள், தன்னுள் இருப்பதை வெளியே விடவும் இடந்தரும். எண்ணெயும் சூடும் அவ்வழியை அகலமாக்கும்.

இதனை அறிவியல் அளந்தும் பார்த்துள்ளது. அமெரிக்காவின் நெப்ராசுகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், சந்தையில் விற்கும் குழந்தை உணவுப் பிளாஸ்டிக் கலங்களை மூன்று நிமிடம் மைக்ரோவேவ் அடுப்பில் சூடேற்றினர். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 42 லட்சத்திற்கும் மேற்பட்ட நுண்பிளாஸ்டிக் துகள்களும், 211 கோடி அளவில் அதனினும் நுண்ணிய துகள்களும் வெளிப்படக்கூடும் எனக் கண்டனர். அதற்கு முன் 2020இல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், பாலிபுரோப்பிலீன் பால்புட்டிகளிலிருந்து ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் துகள்கள் வரை வெளிப்படுவதைக் கண்டறிந்தனர். நீரின் சூடு ஏறஏறத் துகள்களின் எண்ணிக்கையும் ஏறியது.

எண்களைக் கேட்டு நடுங்கவும் வேண்டா. நகைத்து ஒதுக்கவும் வேண்டா. இத்துகள்கள் மனித உடலில் என்ன செய்யும் என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. குடிநீரில் உள்ள நுண்பிளாஸ்டிக் குறித்து உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிக்கை வெளியிட்டபோது, தீங்கு உறுதியாக நிறுவப்படவில்லை என்றும் மேலும் ஆய்வு தேவை என்றும் கூறியது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கும் வழக்கில், செலவில்லாமல் தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பது அறிவுடைமை.

வேதிப்பொருளின் கதை நுண்துகளின் கதையினும் முந்தையது. 1998இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா ஹன்ட் என்னும் அறிவியலாளர் சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆய்ந்து வந்தார். ஒருநாள் திடீரென நலமான எலிகளிடத்தும் குரோமோசோம் கோளாறுகள் பெருகின. காரணத்தைத் தேடியபோது, எலிகளின் பாலிகார்பனேட் கூண்டுகளும் நீர்ப்புட்டிகளும் தரை கழுவும் காரமான கரைசலால் தவறுதலாகக் கழுவப்பட்டமை தெரியவந்தது. சிதைந்த பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்ஃபீனால் ஏ என்னும் பொருள் கசிந்து எலிகளின் உடலுள் சென்றிருந்தது. 2003இல் அம்முடிவுகள் வெளியாயின. 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2012இல் அமெரிக்காவும் பால்புட்டிகளில் அப்பொருளுக்கு இடமில்லாமல் செய்தன. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவென்று முன்னர் வகுத்ததை 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருட்களில் அதனைத் தடைசெய்யும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது. ஒரு காலத்தில் தீங்கற்றதெனக் கருதப்பட்ட அளவு, பின்னொரு காலத்தில் தீங்குடையதாகக் கருதப்பட்டமைக்கு இது சான்று.

இன்று கடைகளில் 'பிபிஏ இல்லை' என்னும் அச்சிட்ட எழுத்தைக் கண்டு நிறைவு கொள்வோர் பலர். பாலிபுரோப்பிலீனில் அப்பொருள் முதலிலிருந்தே இல்லை. ஆகவே அவ்வெழுத்து அங்கே புதிதாக எதையும் கூறவில்லை. வேறு சில கலங்களில் அதற்கு மாற்றாக, அதே குடும்பத்தைச் சார்ந்த பிஸ்ஃபீனால் எஸ் போன்ற பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. 'மைக்ரோவேவ் சேஃப்' என்னும் குறியும் அவ்வாறே. அது கலம் உருகாது, உருக்குலையாது என்பதற்கும், வகுத்த எல்லைக்குள் இருக்கும் என்பதற்கும் உறுதி. எதுவும் கசியாது என்பதற்கு உறுதியன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிகலன் விதிகள், பிளாஸ்டிக்கிலிருந்து உணவிற்குச் செல்லும் மொத்தப் பொருளுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ளன. எல்லை வகுக்கப்பட்டிருப்பதே ஏதோ ஒன்று செல்கிறது என்பதை உணர்த்தும்.

இவ்விழா அரங்கில் இப்பொருளைப் பேசுவதற்குத் தனியானதொரு பொருத்தமும் உண்டு. உணவை எப்போது உண்பது, எதை உண்பது என்பதோடு, எத்துணைக் காலம் வைத்திருந்து உண்பது என்பதையும் சமண நெறி நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளது. கதிரவன் மறையுமுன் உண்ணுதல், நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதல், நீர் சேர்த்துச் சமைத்த உணவை இரவு கடந்து வைத்து உண்ணாமை ஆகிய ஒழுக்கங்களைக் கடுமையாகப் பேணும் இல்லங்கள் கோவையில் இன்றும் உள்ளன. வைத்த உணவில் கண்ணுக்குப் புலனாகா உயிர்கள் பிறந்து பெருகும். அவற்றுக்கு ஊறு நேராதிருத்தல் வேண்டும் என்பதே அவ்வொழுக்கத்தின் உட்கிடை. நுண்ணோக்கி பிறக்குமுன் நுண்ணுயிரை எண்ணிப்பார்த்த நெறி அது. அந்நெறியை முழுதும் பேணுவோருக்கு உறைபெட்டிக் குழம்பும் இல்லை. அதைச் சூடேற்றும் டப்பாவும் இல்லை. அவர்களுடைய அடுக்களையில் இவ்வுரை கூறும் இடர்களுள் பெரும்பாலானவை எழவே மாட்டா.

ஆயினும் எல்லா இல்லங்களும் அவ்வாறு இயங்க முடியாது. இரவுப்பணி செய்யும் செவிலியருக்கும், காலை ஏழு மணிக்கே பேருந்து ஏறும் ஆசிரியருக்கும், தனித்து வாழும் முதியோருக்கும் குளிர்பெட்டி ஓர் ஆறுதல். அவர்களை நோக்கிக் குறை கூறுவது அறமாகாது. முழுமையாகப் பேண இயலாதோரும் அந்நெறியின் உட்பொருளை ஓரளவு பேணலாம். தேவைக்கு அளந்து சமைத்தல் அதன் முதற்படி. உழக்கால் அளந்து உலையில் இட்ட அரிசி மிஞ்சுவது குறைவு. கொங்கு நாட்டின் அரிசியும் பருப்பும் சாதம் ஒரே பாத்திரத்தில் அரைமணி நேரத்தில் ஆகிவிடும் உணவு. அதனை மூன்று நாளுக்குச் சேர்த்துச் சமைத்து வைப்பதைவிட, அரிசியையும் பருப்பையும் அளந்து முந்தைய இரவே எடுத்து வைத்துக்கொள்வது எளிது, சுவையும் மிகுதி.

வைத்தே ஆகவேண்டிய உணவுக்கு ஒரு விதி போதும். பிளாஸ்டிக் கலம் குளிருக்குச் செல்லலாம், சூட்டுக்குச் செல்லலாகாது. ஆறிய உணவை இட்டு உறைய வைக்க, உணவுக்கு உரியதெனக் கோப்பையும் முள்கரண்டியும் பொறித்த குறியும், குளிருக்கு உரியதெனப் பனித்துகள் குறியும் உள்ள உறுதியான டப்பா ஏற்கத்தக்கது. சூடேற்றும்போது உணவு மட்டுமே மைக்ரோவேவ் அடுப்பிற்குள் செல்ல வேண்டும். டப்பா வெளியிலேயே நிற்க வேண்டும். போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணமோ, பொன்கோடு வெள்ளிக்கோடு இல்லாத பீங்கான் கிண்ணமோ சூட்டுக்குரிய கலம். மூடுவதற்குப் பிளாஸ்டிக் மூடிக்கு மாற்றாக ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைக்கலாம்.

எவர்சில்வரைப் பற்றியும் ஒரு சொல். உலோகம் நுண்ணலைகளைத் திருப்பி அனுப்பிவிடும், பொறியும் பறக்கும். ஆதலால் மைக்ரோவேவ் அடுப்பிற்குள் அதற்கு இடமில்லை. ஆனால் உறைபெட்டிக்குள் அதற்குத் தடை ஏதுமில்லை. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பித்தளையும் செம்பும் எவர்சில்வரும் அங்கே பாத்திரங்களாக உருப்பெறுகின்றன. அத்தொழிலாளர்களின் கைவண்ணத்தில் உருவான மூடியிட்ட எவர்சில்வர் சம்புடம் ஒன்று, உறைபெட்டியில் பல்லாண்டு உழைக்கும். அதிலிருந்து உணவை எடுத்துக் கேஸ் அடுப்பில் வாணலியில் இட்டுச் சூடேற்றினால் மைக்ரோவேவ் அடுப்பே தேவைப்படாது. நான்கு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

உறைந்த உணவை முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தால் காலைக்குள் இளகிவிடும். உறைந்த கண்ணாடிக் கிண்ணத்தை நேரே சூட்டுக்கு மாற்றினால் அது விரிசல் காணும்; அவ்விடரும் இதனால் நீங்கும். சூடேற்றும்போது இடையில் ஒருமுறை கிளறிவிட்டு, எல்லாப் பகுதியும் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். உணவின் நடுப்பகுதி 74 பாகையை எட்டினால் நுண்ணுயிர் பற்றிய அச்சம் பெரிதும் நீங்கும். ஒருமுறை சூடேற்றியதை மறுபடி வைத்து மறுபடி சூடேற்றுதல் தவிர்க்கத்தக்கது. கீறல் விழுந்த, வெளிறிய, பிசுபிசுத்த டப்பாவை உணவுப் பணியிலிருந்து விடுவித்து, ஊசி நூலுக்கோ ஆணி திருகுக்கோ பெட்டியாக்கிவிடலாம். அதில் சிக்கனமும் கெடாது.

அயல்நாட்டிலிருந்து வரும் மகளுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. அடுத்த முறை உறைபெட்டியை நிரப்பும்போது, பெற்றோருக்கு இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை வாங்கி வைத்து, மாற்றி ஊற்றும் முறையைப் பக்கத்தில் நின்று பழக்கிவிட்டுச் செல்லலாம். முதியோரின் கை நடுங்கும். கனமான கண்ணாடி கைநழுவும் என்னும் அச்சம் நியாயமானதே. இரு பக்கமும் பிடியுள்ள சிறிய பீங்கான் கிண்ணம் அவர்களுக்கு ஏற்றது. உறைந்த கட்டியை டப்பாவிலிருந்து பிரிக்க, டப்பாவின் அடிப்புறத்தைச் சிறிது நேரம் தண்ணீரில் நிறுத்தினால் போதும். கட்டி வழுக்கிக் கிண்ணத்தில் விழும். இதைக் கற்றுக்கொள்ள வயது தடையாகாது.

அறக்கட்டளைகளின் பொது அடுக்களைக்கும் இது பொருந்தும். விழா நாட்களில் நூற்றுக்கணக்கானோர் உண்ட பின் மிஞ்சும் உணவைச் சூட்டோடு பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. கொடுப்பது அறம். கொடுக்கும் பொருளோடு வேண்டாத ஒன்று சேர்ந்து செல்லாமல் காப்பதும் அவ்வறத்தின் பகுதி. மூடியிட்ட எவர்சில்வர் தூக்குகள் இருபதோ முப்பதோ அறக்கட்டளையின் உடைமையாக இருந்தால், கொண்டுசென்றவர் மறுநாள் கழுவித் திருப்பித் தரலாம். வருவோர் தத்தம் தூக்குப்போசியைக் கொண்டுவரலாம். பெருஞ்செலவு இதில் இல்லை; சிறு ஒழுங்கே வேண்டும்.

மண்சட்டிக்கும் பித்தளைக்கும் பீங்கானுக்கும் முன்னோர் வகுத்த கட்டுப்பாடுகள் ஒரே நாளில் பிறந்தவையல்ல. களிம்பேறிய குழம்பைக் கண்டவர் அறிந்ததை மகளுக்குச் சொல்ல, மகள் மருமகளுக்குச் சொல்ல, அடுக்களைச் சட்டம் உருவாயிற்று. பிளாஸ்டிக்கின் கட்டுப்பாட்டை வகுத்து அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் பொறுப்பு இன்றைய தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் உரியது. இன்று மாலை இல்லம் திரும்புவோர் தத்தம் அலமாரியைத் திறந்து, டப்பாக்களைக் கவிழ்த்து, அடியிலுள்ள எண்ணைப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்யட்டும். குளிருக்குரியவை ஒருபுறமும், சூட்டுக்குரியவை மறுபுறமும், ஓய்வு பெற வேண்டியவை தனியாகவும் பிரிந்துவிடும். கால்மணி நேர வேலை அது.